கூட்டாளிமார்தான் கெடுத்தார்கள், சரிதானே அக்கா?

அன்புள்ள அக்கா,

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 16 வயது. ஓஎல் சோதனை முடிந்த அன்று நிலாவெளிக்குக் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போனவனை, இரவு ஒன்பதரைக்கு யாரோ ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கேற்றடியில் இறக்கிவிட்டுப் போனான். வாயைத் திறந்தால் பியர் மணம். அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை அக்கா. வெள்ளிக்கிழமை தவறாமல் என்னோடு பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வருகிறவன்.

எல்லாம் இந்தக் கூட்டாளிமாரால் வந்தது. அதில் ஒருத்தனுக்கு அண்ணன் வெளிநாட்டில், காசுக்குக் குறைவில்லை. அவனோடு சேராதே என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினால் பெடியள் எல்லாரும் அங்கேதான், கேட்பாரில்லை. போன் வேறு. பள்ளிக்கூடத்திலும் கண்டிப்பு இல்லை. மாமி என்னடா என்றால் என் வளர்ப்பைக் குத்திக் காட்டுகிறார். நான் என்ன குறை விட்டேன்? ரியூசன், சைக்கிள், கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். கூட்டாளிமார் சரியில்லாவிட்டால் தாய் என்ன செய்ய?

இவர் அன்று அடிக்கக் கை ஓங்கினார். மகன் ஒரு பார்வைதான் பார்த்தான், இவர் கையை இறக்கிவிட்டார். இவரும் எடுக்கிறவர்தான், ஆனால் வீட்டோடு, சத்தம் சந்தடி இல்லை, வேலைக்குப் பிந்திப் போனதும் இல்லை. கூடிப்போகிற நாளில் மகன்தான் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, சத்தி எடுத்ததையும் கழுவித் துடைத்து, தங்கச்சி பார்க்காமல் கதவைச் சாத்திவிடுவான். பன்னிரண்டு வயதிலிருந்தே அப்படிப் பொறுப்பு. அப்படிப்பட்ட பிள்ளையை இந்தக் கூட்டாளிமார் கெடுத்துவிட்டார்களே! மட்டக்களப்பில் அண்ணா வீட்டில் விட்டு ஏஎல் படிப்பிக்கவா, போனைப் பறித்தால் போதுமா?

ஒரு தாய், திருகோணமலை

அன்புத் தங்கச்சி,

கூட்டாளிமாரைக் கடிதம் முழுக்க ஏசியிருக்கிறீர்கள். கழுவித் துடைத்ததை மட்டும் மகனுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிற மாதிரிப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதற்குப் பிறகு வேறெதுவும் மனதில் ஏறவில்லை.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தகப்பன் எடுத்த சத்தியைத் துடைப்பதைப் பொறுப்பு என்று சொல்லிப் பெருமைப்படாதீர்கள். பெரியவர்கள் பார்க்கவேண்டிய வேலை அவன் தலையில் விழுந்திருக்கிறது, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு, கோபிக்கவேண்டாம். விடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது நீங்களாகத்தான் இருக்கும். குடித்தால் மறைக்கவேண்டும், மறைத்துவிட்டால் பிரச்சினை இல்லை என்பதை மகன் அங்கேதான் படித்திருக்கிறான், நிலாவெளியில் இல்லை. ஓங்கிய கை ஏன் இறங்கியது என்று உங்களுக்கும் தெரியும். இவருக்கு அந்த வெட்கமாவது இருக்கிறதே, அது நல்லது.

கூட்டாளிமாரும் விற்றவனும் சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி நம் நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பதே குற்றம். யோசித்து முடிவெடுக்கிற மூளையின் முன்பகுதி முதிர 25 வயதளவு ஆகும், 16 வயதில் பழகினால் அதற்குக் கேடுதான். வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியே போகமாட்டான் என்று இவர் ஒருநாள் சொல்லக்கூடும், சம்மதிக்காதீர்கள். அவுஸ்திரேலியாவில் ஏறக்குறைய 1,900 பிள்ளைகளை ஆறு வருடம் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் கொடுத்துக் குடித்த பிள்ளைகள் பிறகு வெளியாரிடமும் கூடுதலாக வாங்கிக் குடித்தார்கள் என்றுதான் தெரிந்தது.

மட்டக்களப்பு வேண்டாம். அவன் போய்விட்டால் இரவில் அந்தக் கதவை யார் சாத்துவது, இளைய மகளா? அதோடு, குடித்தவர் வீட்டில் இருக்க, பிள்ளையை வெளியே அனுப்பினால் அவன் அதைத் தண்டனை என்றுதான் எடுப்பான்.

இவர் தெளிவாக இருக்கிற ஒரு காலையில், பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, இனி மகன் உங்களைத் தூக்கமாட்டான், நானும் மூடி மறைக்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். ரோசத்தில் நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று அவர் சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். நாளாந்தம் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.

மகனிடம், அப்பாவைப் பார்ப்பது இனி உன் வேலை இல்லை என்று முதலில் சொல்லுங்கள். பியர் கதையை அதற்குப் பிறகு எடுங்கள், அப்போது கண்டிப்பாகவே கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். போனைப் பறிக்காதீர்கள். அன்று அந்த மோட்டார் சைக்கிளை ஓட்டிவந்த பெடியனும் குடித்திருந்தானா என்று நீங்கள் எழுதவே இல்லை. இனி இப்படி ஒரு இரவு வந்தால் அவன் யாருடைய பின்னாலும் ஏறாமல் உங்களுக்கு எடுக்கவேண்டும், எந்த நேரமானாலும் நீங்கள் ஓட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவரவேண்டும், ஏச்சை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.