வாசகர் கேள்வி பதில்: ஒரு கமாவோட விலை

கேள்வி: மூணு நாலு விஷயத்தை வரிசையா எழுதும்போது 'அண்ட்'டுக்கு முன்னாடி கமா வரக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க. இப்ப ஆபீஸ்ல மேனேஜர் கண்டிப்பா போடுங்கறார். யார் சொல்றது சரி சார்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ரெண்டுமே சரிதாம்மா. அதுக்குப் பேரு ஆக்ஸ்ஃபோர்ட் கமா. பிரிட்டிஷ் பத்திரிகைங்க பெரும்பாலும் விட்டுடுவாங்க, நம்ம ஸ்கூலுக்கு வந்ததும் அந்தப் பழக்கம்தான், அமெரிக்காவுல புக் போடறவங்க பெரும்பாலும் வைப்பாங்க. என்னைக் கேட்டா வச்சுடுங்கன்னுதான் சொல்வேன், அது இல்லாததால ஒரு கம்பெனி 50 லட்சம் டாலர் குடுக்க வேண்டி வந்துச்சு.

அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட் டெய்ரின்னு ஒரு பால் கம்பெனி. அங்க வண்டி ஓட்டி சப்ளை பண்ற டிரைவருங்க ஓவர்டைம் காசு வரலைன்னு கேஸ் போட்டாங்க. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு அந்த மாநில சட்டத்துல ஒரு வரிசை இருக்கு, கேனிங், ப்ராசஸிங்னு ஆரம்பிச்சு 'ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்'னு முடியுது. ஷிப்மென்ட்டுக்கு அப்புறம் கமா இல்லை, கவனிச்சீங்களா? பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலை, டிரைவர் செய்யறது அதுதானே, அதனால ஓவர்டைம் கிடையாதுன்னு கம்பெனி வாதம். டிரைவருங்க விடலை. அனுப்பறதுக்கோ விநியோகத்துக்கோ பேக் பண்றதுன்னுதான் அங்க எழுதியிருக்கு, அது ஒரே வேலை, நாங்க பேக்கிங்கே பண்றதில்லையேன்னாங்க. கீழ்க்கோர்ட்ல தோத்துட்டாங்க, ஆனா 2017-ல அப்பீல் கோர்ட் இந்த வரி தெளிவா இல்லை, அப்படி இருந்தா தொழிலாளிக்குச் சாதகமாத்தான் எடுத்துக்கணும்னு சொல்லிடுச்சு, அடுத்த வருஷம் அந்தத் தொகைக்கு செட்டில்மென்ட் ஆச்சு. அப்புறம் சட்டத்தைத் திருத்தினப்ப அந்த வரிசையில கமாவுக்குப் பதிலா செமிகோலனே போட்டுட்டாங்க!

கேள்வி: காலேஜ் அசைன்மென்ட்ல பக்கத்துக்குப் பக்கம் 'கமா ஸ்ப்ளைஸ்'னு சிவப்பு மையில எழுதித் தந்திருக்காங்க. அப்படின்னா என்ன சார்?
- ஒரு மாணவர், மதுரை

பதில்: தம்பி, தமிழ்ல "பஸ் வரலை, நடந்தே வீட்டுக்குப் போயிட்டோம்"னு எழுதினா யாரும் தப்பு சொல்லமாட்டாங்க, வாக்கியமும் இடிக்காது. அதையே இங்கிலீஷ்ல 'தி பஸ் டிட் நாட் கம்'னு எழுதி, வெறும் கமா போட்டு, 'வி வாக்ட் ஹோம்'னு தொடர்ந்தீங்கன்னா அதுதான் கமா ஸ்ப்ளைஸ். ரெண்டும் தனியா நிக்கிற முழு வாக்கியம், அதுங்களைச் சேர்த்துப் பிடிக்கிற பலம் இங்கிலீஷ் கமாவுக்குக் கிடையாது. நடுவுல ஃபுல் ஸ்டாப் வைங்க, இல்ல கமாவுக்கு அப்புறம் 'ஸோ' சேருங்க, ரெண்டும் ஒட்டியே இருக்கணும்னு தோணுச்சுன்னா செமிகோலன் இருக்கு. நிறைய பேர் மாட்டிக்கறது 'ஹவெவர்'லதான். 'பட்' மாதிரின்னு நினைச்சு முன்னாடி கமா போட்டு ரெண்டு வாக்கியத்தையும் சேர்த்துடறாங்க, ஆனா அந்த இடத்துல அதுக்கு முன்னாடி ஃபுல் ஸ்டாப்போ செமிகோலனோ வேணும், கமா அதுக்குப் பின்னாடிதான்.

கேள்வி: லெட்டர் முடிவுல எழுதற 'யுவர்ஸ்'ல எஸ்ஸுக்கு முன்னாடி அப்பாஸ்ட்ரஃபி உண்டா? எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் போடறாங்க.
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: கிடையாதுங்க. பின்னாடி சின்சியர்லி வந்தாலும் ஃபெய்த்ஃபுல்லி வந்தாலும் கிடையாது. 'ஹிஸ்'ஸுக்கு யாராவது போடறோமா? ஹர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எல்லாம் அதே கணக்குதான். 'இட்ஸ்' மட்டும் ரெண்டு விதமா வரும், அங்கதான் குழப்பம். 'இட் இஸ்', இல்ல 'இட் ஹேஸ்'னு விரிச்சுப் படிச்சுப் பாருங்க, பொருந்தினா அப்பாஸ்ட்ரஃபி உண்டு, பொருந்தலைன்னா எடுத்துடுங்க.