குடிநீருக்குப் பணம் உண்டு, நூலகக் கூரைக்கு இல்லையா?

கேள்வி: எங்கள் பேரூராட்சிக்கு மத்திய நிதி வந்திருக்கிறது. ஆனால் நூலகக் கூரை ஒழுகுகிறது என்றால், ‘அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது’ என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: பாதி உண்மை, அம்மா. நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருபது வருடம் இருந்தவன் நான். மத்திய நிதியை எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு (2021-26) பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவிட வேண்டிய பணம். பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவு, குப்பை மேலாண்மைக்கு. அதில் கூரை போட முடியாது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குச் செலவிடலாம். சம்பளத்துக்கும் மற்ற நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது.

அந்த 40 எங்கே போனது என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘செலவு விவரம்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வேலையின் பெயர், மதிப்பீடு, கொடுத்த தொகை, தேதி எனத் தனித்தனியாகக் கேளுங்கள். நான் பார்த்த ஒரு கோப்பில் ‘இதர பணிகள்’ என்ற ஒரே வரிக்குள் மூன்று தெருக்களின் சாக்கடை ஒளிந்திருந்தது. அந்தத் தெருக்காரர்கள் கேட்டபிறகுதான் சிமெண்டு மூட்டை இறங்கியது.

அப்புறம், ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். நூலகத்தில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகளிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். மழைக்கு முன் மனுவைக் கொடுத்துவிடுங்கள். நனைந்த புத்தகத்தை எந்த நிதியும் மீட்டுத் தராது.