லேசர் சரி என்கிறது, வியாழன் இழுக்கிறதே?

மதுரை வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் 6 அங்குல எஃப்/5 (குவியத் தூரம் ஆடி விட்டத்தின் 5 மடங்கு) டாப்சோனியன் ஆடித் தொலைநோக்கி இருக்கிறது. 30 மடங்கில் நிலா பளிச்சென்று தெரிகிறது. 150 மடங்கில் வியாழன் ஒரு பக்கம் வால் விட்டதுபோல் இழுக்கிறது. ஆடிகளை நேராக்கும் லேசர் கருவியின் புள்ளி நடுவில்தான் விழுகிறது. ஆடியில் கோளாறா?"

ஆடியை விடுங்கள், முதலில் லேசரைச் சந்தேகியுங்கள். ஃபோகஸரில் (கண்வில்லை செருகும் குழாயில்) வைத்து, இறுக்காமல், மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். குழாய் வாயில் சாய்வாக நின்று பாருங்கள். கதிர் கண்ணில் படக் கூடாது. குழாயின் அடியில் இருக்கும் பெரிய ஆடியான பிரைமரியில் புள்ளி வட்டம் போட்டால் லேசரே கோணல். அதை நம்பித் திருகியதால்தான் இந்த வால் வந்திருக்கும். 30 மடங்கில் இந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து விண்மீன் சோதனை. தொலைநோக்கி அரைமணி நேரமாவது மாடியில் ஆறட்டும். நகராது என்பதால் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது சரி. மதுரையில் அது அடிவானிலிருந்து 10 பாகைதான், கொதிக்கிற காற்றுக்குள் கிடக்கும். திருவோணமோ சுவாதியோ உச்சிக்கு வரும்போது பிடியுங்கள். ஒரு நிமிடம் சொச்சத்தில் பார்வையை விட்டு ஓடிவிடும். நடுவில் இருக்கும்போது மட்டும் பாருங்கள். ஓரத்துக்குப் போனால் எஃப்/5 எப்படியும் வால் விடும்.

ஃபோகஸை நாலைந்து வளையம் தெரியுமளவு கலையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். குறுக்கே வெட்டிய வெங்காயம்போல் வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் ஆடிகள் நேர். ஒரு பக்கம் நெருங்கி ஒதுங்கினால் கொலிமேஷன் (ஆடிகளின் நேர்வரிசை) பிசகு. நீள்வட்டமாகி, ஃபோகஸின் மறுபக்கம் போனதும் குறுக்கே திரும்பினால் அது அஸ்டிக்மாடிசம், ஒளி ஒரே புள்ளியில் குவியாத குறை. தலையைச் சாய்த்தால் கூடவே சாய்கிறதென்றால் உங்கள் கண்ணுக்கு உரியது. முக்கோணமாக இருந்தால் ஆடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் இறுகியிருக்கின்றன.

வால்தான் என்றால் பிரைமரியின் பின்னால் ஒரு திருகாணியை மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். விண்மீன் நகரும்; குழாயை அசைத்து நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். மோசமானால் எதிர்ப்பக்கம். எஃப்/8-இல் சுமார் 11 மி.மீ. அகலத்துக்கு வால் தெரியாத பிம்பம் கிடைக்கும், எஃப்/5-இல் 3 மி.மீ. கூட இல்லை. அதனால் பொறுமை வேண்டும்.

ஃபோகஸர் வழியே பார்த்தால், குழாய் வாயருகே இருக்கும் சிறிய ஆடியான செகண்டரியின் நிழல் பிரைமரி பக்கம் சற்று ஒதுங்கியிருக்கும். எஃப்/5-இல் அது இயல்பு. அதை நடுவாக்கப் போய் ஓர் இரவையே தொலைத்தவன் நான்.

பூட்டுத் திருகுகளை இறுக்கும்போது ஆடி மீண்டும் நகரும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை விண்மீனைப் பார்த்துவிடுங்கள்.