லோக்கல் வேறு, போலி வேறு

கேள்வி: குக்கருக்கு கேஸ்கட் வாங்கப் போனபோது கடைக்காரர், “கம்பெனி வேணுமா, லோக்கல் போதுமா?” என்று கேட்டார். லோக்கல் என்றால் போலிச் சரக்கு என்று பொருள் கொள்ளலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடாது. கடை வழக்கில் ‘கம்பெனி’ என்பது பெயர் பரவிய நிறுவனத்தின் பொருளைக் குறிக்கும். உதிரி பாகமானால், கருவியைச் செய்த நிறுவனமே தரும் பாகத்தைக் குறிக்கும். மற்றவை அனைத்தும் ‘லோக்கல்’. ‘லோக்கல் பஸ்’ என்னும்போது உள்ளூர் என்ற பொருள் தெளிவாக நிற்கிறது. சரக்கைப் பற்றிய பேச்சிலோ அது தேய்ந்துவிட்டது. டில்லியில் செய்து வந்த கேஸ்கட்டும் தஞ்சாவூர்க் கடையில் லோக்கல்தான். ‘லோக்கலாகப் பேசாதே’ என்று மனிதர்களைத் தாழ்த்தும் வழக்கின் கறையும் இச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

‘போலி’ என்பது ‘போல்’ என்ற அடியிலிருந்து வந்த சொல். ‘பந்தல்’ என்பது ‘பந்தர்’ என வருவதைக் கடைப்போலி என்று இலக்கணம் சொல்கிறது. ‘ல்’ நின்ற இடத்தில் ‘ர்’ வந்து நிற்கிறது. சந்தையிலும் அப்படித்தான்: இன்னொருவரின் பெயரையோ முத்திரையையோ தாங்கி, அவருடைய பொருளின் இடத்தில் நிற்பதே போலி. ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும்படி பெயர் அச்சிடுவதும் இதில் அடங்கும். கடைக்காரர்கள் இதற்கு ‘டூப்ளிகேட்’ என்ற தனிச்சொல்லையே வைத்திருக்கிறார்கள். வணிகச் சின்னத்தைப் போலியாகப் பயன்படுத்துவோருக்கு 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

கோயம்புத்தூரில் சிறு பட்டறை வைத்து, கிரைண்டரோ மோட்டார் பம்போ செய்து, அதில் தம் பெயரையே பொறித்து விற்பவர் யாரையும் போலி செய்யவில்லை. அவர் பொருளை ‘லோக்கல்’ என்றால் பெயர் பரவாதது என்று ஆகும்; ‘டூப்ளிகேட்’ என்றால் அது பழி.

தரம் தனியே பார்க்க வேண்டியது. குக்கரைப் பொறுத்தவரை சட்டத்துக்குக் கம்பெனி, லோக்கல் என்ற பேதமே கிடையாது. 2021 பிப்ரவரி முதல் எந்தக் குக்கருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு உள்ள சி.எம்./எல். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால், உரிமம் யாருக்குத் தரப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

உங்கள் கேஸ்கட்டின் உறையைத் திருப்பிப் பாருங்கள். செய்தவரின் சொந்தப் பெயரும் முகவரியும் இருந்தால் அது லோக்கல். அளவு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கலாம். உங்கள் குக்கர் நிறுவனத்தின் பெயர் மங்கலாக அச்சாகி, முகவரியே இல்லாதிருந்தால், போலியோ என்று ஐயப்படுவதே நியாயம், வாங்காதீர்கள்.