பி.டி. டீச்சர் பதில்கள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் அலபாமாவில் எம்.எஸ். படிக்கிறான். கல்லூரி ஃபுட்பால் கோச்சுகளில் நிக் சேபனை மிஞ்ச ஆளே பிறக்கவில்லை என்று போனில் ஓயாமல் சொல்கிறான். அவனோடு தங்கியிருக்கும் பையன், அதே அலபாமாவின் பழைய கோச் ‘பேர்’ பிரயன்ட்தான் பெரியவர் என்கிறானாம். சாப்பிடும்போதுகூட இதே சண்டை. நீங்களே வரிசைப்படுத்திச் சொல்லுங்கள் டீச்சர்.
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நம் நேதாஜி ஸ்டேடியத்தில் காலால் உதைத்து ஆடுகிறார்களே, அந்த ஃபுட்பால் இல்லை இது. முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணியினர் மேலே விழுந்து அமுக்குவார்கள். பக்கத்துக்கு 11 பேர். கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க அலபாமா மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். சேபனின் சம்பளம் கடைசி வருடங்களில் ஆண்டுக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ரூபாய் இல்லை, டாலர்.

சரி, என் வரிசை. முதலிடம் எடி ராபின்சனுக்கு. உங்கள் மகனும் அந்தப் பையனும் சேர்ந்தே என்னைத் திட்டட்டும், சண்டையாவது தீரும்.

லூசியானா மாநிலத்தில் கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில் கறுப்பின மாணவர்களுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. 1941-ல் ராபின்சன் அங்கே கோச்சாகச் சேர்ந்தபோது வயது 22. அதற்கு முன் தீவன மில்லில் வேலை. கல்லூரியில் காசு கிடையாது. மைதானத்தில் புல் வெட்டியது, கோடு போட்டது, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டது, ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்பியது, எல்லாம் அவரே. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் வழியில் இருக்கும் ஓட்டல்களில் கறுப்பர்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் சாண்ட்விச் செய்து எடுத்துக்கொண்டு போவார்கள். முதல் வருடம் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த வருடம் ஆடிய ஒன்பது ஆட்டமும் வெற்றி. அதிலும் எதிரணி யாரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை!

விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு டிராக் முழுக்கக் கோடு போட்டவள் நான். ராபின்சன் பக்கம் சாய்கிறேன் என்றால் அதுவும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை.

1997-ல் ஓய்வு பெறும்வரை ஒரே கல்லூரி. 408 வெற்றிகள். 200-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். சூப்பர் பவுல் என்கிற பெரிய இறுதி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி அணியை நடத்துகிறவராக, நின்று ஜெயித்த முதல் கறுப்பின வீரர் டக் வில்லியம்ஸ், 1988-ல். அவர் ராபின்சனின் மாணவர்.

உங்கள் மகன் ஒரு மறுப்பு சொல்வான், நானே சொல்லிவிடுகிறேன். தெற்கே வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத காலத்தில் நல்ல வீரர்கள் எல்லாம் ராபின்சனிடம்தானே வந்தாக வேண்டும், அது சாதனையா? பாதி நியாயம். ஆனால் அந்தக் கதவுகள் திறந்து, பணக்காரக் கல்லூரிகள் வீட்டு வாசலுக்கே வந்து பையன்களைக் கூட்டிப்போன பிறகும் அவர் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். 1985-ல் பிரயன்ட்டின் 323 வெற்றிகளைத் தாண்டினார்.

இரண்டாவது சேபன். தேசியப் பட்டம் ஏழு: லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒன்று, அலபாமாவில் ஆறு. அப்பா பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். சிறுவன் சேபன் கழுவிய காரில் தண்ணீர்க் கறை தெரிந்தால் திரும்ப முழுக்கக் கழுவ வேண்டும். ஆள் உருவானது அங்கேதான். புள்ளிப் பலகையைப் பார்க்காதே, இப்போது ஆடும் இந்த ஏழு வினாடியை மட்டும் பார் என்பது அவர் பாடம். எனக்குப் பிடித்தது 2018 ஜனவரி இறுதி ஆட்டம். ஜார்ஜியாவிடம் பாதி ஆட்டத்தில் 13-0 என்று பின்தங்கியிருந்தார்கள். அந்த சீசன் முழுக்க அணியை நடத்தி வந்த குவார்ட்டர்பேக்கை உட்கார வைத்துவிட்டு, டூவா என்ற முதலாம் ஆண்டுப் பையனை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 26-23 என்று ஜெயித்தார்கள். தோற்றிருந்தால் ஊரே அவரைக் கிழித்திருக்கும்.

மூன்றாவது பிரயன்ட். ஆறு பட்டம். மூன்றுக்கு மேல் வரிசை போடுவது பேச்சுக்குத்தான், விடுங்கள்.

கேள்வி: பிரயன்ட்டுக்கு ‘பேர்’ என்று பெயர் வந்தது கரடியோடு மல்லுக்கட்டியதாலா?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஆமாம். ஆர்கன்சாவில் சின்னப் பையனாக இருந்தபோது, காட்சிக்குக் கொண்டுவந்த கரடியோடு மோதினால் நிமிடத்துக்கு ஒரு டாலர் என்றார்கள், இறங்கிவிட்டார். காசு கைக்கு வரவில்லையாம்.

கேள்வி: நான் கபடி ஆடுகிறேன் மிஸ். எங்கள் கோச் பிராக்டிஸ் முடியும்வரை தண்ணீர் குடிக்க விடமாட்டார். கேட்டால், அப்படி இருந்தால்தான் உடம்பு உரமாகும் என்கிறார். பெரிய கோச்சுகள் எல்லாம் இப்படித்தானா?
— ஒரு மாணவி, குடியாத்தம்

பதில்: கண்ணு, முதலில் தண்ணீரைக் குடி. நம் ஜில்லா வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், தண்ணீரில்லாமல் ஓடவிடுவது பயிற்சி இல்லை. அடுத்த பிராக்டிஸுக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போ. கோச்சிடம் அவர்கள் பேசட்டும்.

உன் கோச் சொல்வதைப் பிரயன்ட்டே செய்திருக்கிறார். 1954-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை ஜங்ஷன் என்ற காய்ந்துபோன ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்தும் வெயிலில் பத்து நாள் வதைத்தார். தண்ணீர் கிடையாது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஓடிப்போனார்கள். தாக்குப்பிடித்தவர்களை அங்கே இன்னமும் வீரர்களாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த வருடம் ஆடிய பத்து ஆட்டத்தில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. இரண்டு வருடம் கழித்து அதே அணி தோல்வியே இல்லாமல் முடித்தது உண்மை. அந்தப் பெயரை ஜங்ஷனுக்குக் கொடுப்பார்கள். இரண்டு வருடம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததற்குக் கொடுக்கலாம் என்பேன் நான்.

இன்னொருவர் ஜான் கலார்டி. மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறிய கல்லூரி. தண்ணீர் குடிக்கத் தடையில்லை. விசில் இல்லை. பயிற்சியில் ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்தக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சியும் கிடையாது. கோச் என்று கூப்பிடக் கூடாது, ஜான் என்றால் போதும். கொசு அதிகமானால் பயிற்சியை நிறுத்திவிடுவார்! 2012-ல் ஓய்வு பெற்றபோது 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் அதற்கு மேல் எடுத்தவர் யாருமில்லை. போட்டி சின்னக் கல்லூரிகளுக்குள் என்பதால் பெரிய பட்டியல்களில் அவரை ஓரமாக வைப்பார்கள். நம் பேட்டைப் பள்ளிகளுக்கெல்லாம் அவர்தான் சரியான கோச்.

கேள்வி: ஜோ பட்டர்னோ 409 வெற்றி பெற்றவர். ராபின்சனைவிட ஒன்று கூட. உங்கள் வரிசையில் வருவாரா?
— ஒரு வாசகர், ஆரணி

பதில்: வரமாட்டார். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவரிடம் நெடுங்காலம் உதவி கோச்சாக இருந்த ஜெர்ரி சண்டஸ்கி சிறுவர்களைச் சீரழித்தவர். தன் காதுக்கு வந்த புகாரைப் பட்டர்னோ மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டு அதோடு நின்றுவிட்டார். 2011-ல் வேலை போயிற்று. 2012-ல் 111 வெற்றிகளைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள், 2015-ல் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கிற வேலை இது.

கேள்வி: அந்தப் பந்து பன்றித் தோலிலா செய்கிறார்கள்? நான் டேனரியில் வேலை செய்பவன்.
— ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: பேச்சுவழக்கில் பன்றித் தோல் என்பார்கள், செய்வது மாட்டுத் தோலில். வில்சன் கம்பெனி ஓஹியோவில் ஏடா என்ற ஊரில் தைக்கிறது, தோல் சிகாகோவிலிருந்து வருகிறது. பிடி வழுக்காமல் இருக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி அச்சு வைப்பார்கள். உங்கள் கைக்கு ஒன்று கிடைத்தால் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

கேள்வி: தோற்றும் உங்கள் மனதில் நின்ற கோச்?
— ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: டாம் ஆஸ்போர்ன், நெப்ராஸ்கா. 1984 ஜனவரி, ஆரஞ்சு பவுல் என்ற பெரிய ஆட்டத்தின் இறுதிக்கட்டம், மயாமியைவிட ஒரு புள்ளி பின்னால். ஒரு புள்ளிக்கு உதைத்தால் ஆட்டம் சமன், தேசியப் பட்டமும் கிட்டத்தட்ட கையில். இவரோ வெற்றிக்காக இரண்டு புள்ளிக்கு முயன்றார். வீசிய பந்தை எதிரணி வீரர் தட்டிவிட்டார். 31-30, தோல்வி. முதல் பட்டத்துக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார், பிறகு மூன்று வாங்கினார்.