பிஸ்கட் டப்பாவுக்குள் நூல்கண்டு

கேள்வி: மூன்றரை வயதுப் பேத்தி, பிஸ்கட் இருக்கும் என்று ஆசையாக ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே என் ஊசியும் நூல்கண்டும்தான் இருந்தன. மூடிவிட்டு, "திறப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தாய்?" என்று கேட்டால், "நூல்" என்று சாதிக்கிறாள். இந்த வயதிலேயே பொய் சொல்லப் பழகிவிட்டாளா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: இல்லை அம்மா, பேத்தி பொய் சொல்லவில்லை, இதற்காக அவளைக் கண்டிக்காதீர்கள். உங்கள் வீட்டில் தற்செயலாக நடந்ததை, அலிசன் கோப்னிக், ஜேனட் ஆஸ்டிங்டன் என்ற உளவியலாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் திட்டமிட்டே செய்து பார்த்திருக்கிறார்கள். மிட்டாய்ப் பெட்டிக்குள் பென்சில்கள் இருப்பதைக் காட்டிய பிறகு, முதலில் என்ன நினைத்தாய் என்று கேட்டபோது, மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் பென்சில் என்றே சொன்னார்கள். பெட்டியைத் திறந்து பார்க்காத இன்னொரு குழந்தை என்ன நினைக்கும் என்ற கேள்விக்கும் அவர்களிடமிருந்து அதே பதில்தான் வந்தது.

இந்த இரண்டாவது பதிலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நம் மனம் நமக்கு நேரடியாகத் தெரியும், பிறர் மனத்தை மட்டுமே ஊகிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நினைப்பு ஒன்றாகவும் உண்மை வேறாகவும் இருக்கலாம் என்பது பிடிபடாத வரையில், பிறருடைய தவறான நினைப்பு மட்டுமல்ல, சற்றுமுன் தனக்கே இருந்த தவறான நினைப்பும் குழந்தைக்கு எட்டுவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு, ஐந்து வயதையொட்டி இரண்டுமே கைகூடுகின்றன. இரண்டுக்கும் அடிப்படை ஒரே திறன்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரே திறன் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மூளையில் இதற்குப் பெரிதும் துணைநிற்பது, வலது காதுக்குப் பின்புறம் சற்று மேலே உள்ள ஒரு பகுதி. ரெபெக்கா சாக்ஸ், நான்சி கான்விஷர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்கள் ஒருவர் என்ன நம்புகிறார் என்பதைச் சொல்லும் கதைகளைப் படித்தபோது இப்பகுதி வலுவாக இயங்கியது. ஒருவருடைய தோற்றத்தை மட்டும் வருணிக்கும் வரிகளுக்கு அவ்வாறு இயங்கவில்லை. தன்னைப் பற்றிச் சிந்திக்கும்போது நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியும் ஈடுபடுகிறது. இவை பள்ளி வயதிலும் தொடர்ந்து முதிர்கின்றன.

"தாத்தா சாவி சட்டைப்பையில் இருப்பதாக நினைத்தார், அது ஆணியில் தொங்கியது" என்பது போன்ற பேச்சு வீட்டில் இயல்பாகப் புழங்கட்டும். நான்கரை வயது ஆனதும் இதே கேள்வியை மீண்டும் கேட்டுப் பாருங்கள். ஆனால் வேறு டப்பாவை எடுங்கள், ஏனென்றால் இந்த டப்பாவுக்குள் இருப்பது நூல்தான் என்பது அவளுக்கு இப்போதே தெரியும்.