கௌபாய் படங்களில் பிள்ளைகள் பெரியவர்களாவது: கேள்வி பதில்

அண்ணா, லயன் காமிக்ஸில் கௌபாய் கதைகள் படித்து வளர்ந்தவன் நான். வெஸ்டர்ன் படங்களில் ஒரு பையன் விவரம் தெரிந்து வளரும் கதை என்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

'ஷேன்' (1953). வேறு யோசனையே வேண்டாம். வயோமிங் பள்ளத்தாக்கில் ஒரு குடியானவக் குடும்பம், அங்கே வந்து தங்கும் துப்பாக்கிக்காரன் ஒருவன், அவனையே வாய் பிளந்து பார்க்கும் ஜோயி என்ற சிறுவன். தொடக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். ஜோயி குண்டில்லாத ரைஃபிளால் மானைக் குறிபார்த்து விளையாடிக்கொண்டிருக்கிறான். புதிதாக வந்த ஷேனுக்குப் பக்கத்தில் அதே ரைஃபிளை 'க்ளிக்' என்று இழுக்கிறான். அவ்வளவுதான், ஷேன் சட்டென்று திரும்புகிறான், கை இடுப்புக்குப் போய்விடுகிறது. பையனுக்கு அது விளையாட்டு, இவனுக்கு உயிர்ப் பயம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை ஜோயி தெரிந்துகொள்வதுதான் மொத்தப் படமும்.

அப்புறம் அந்தச் சேற்றுத் தெரு கொலை. வில்லனாக வரும் ஜாக் பேலன்ஸ் சுட்டதும் எதிரே நின்றவர் பின்னால் தூக்கியெறியப்பட்டு விழுவார். நடிகரைக் கம்பி கட்டி இழுத்து எடுத்த காட்சி அது. இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவப் படப்பிடிப்புக் குழுவை நடத்தியவர், நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமைப் படம்பிடித்தவர். துப்பாக்கிச் சூட்டை வேடிக்கையாகக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

கடைசியில் ஜோயி கத்திக் கூப்பிட்டும் ஷேன் நிற்காமல் போகிறானே. செத்துவிட்டானா?

குண்டு பட்டிருக்கிறது. அதற்கு மேல் படம் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். மாடியில் ஒளிந்திருப்பவனைப் பார்த்து "ஷேன், பார்த்து!" என்று ஜோயி கத்துவான், அதனால்தான் ஷேன் தப்பிக்கிறான். அதுவரை வேடிக்கை பார்த்த பையன் செய்யும் முதல் பெரிய மனுஷக் காரியம் அது. ஷேன் செத்தானா பிழைத்தானா என்று சண்டை போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

நிஜத்திலும் சின்னப் பையன்கள் மாடு ஓட்டிப் போனார்களா, அல்லது சினிமாவுக்காகச் சேர்த்ததா?

போனார்கள். 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு டெக்சஸிலிருந்து கன்சாஸ் ரயில்நிலையங்களுக்கு மாடுகளை ஓட்டிப்போனவர்களில் பதின்ம வயதினர் நிறைய. நாளைக்குப் பத்து பதினைந்து மைல், மாதச் சம்பளம் சுமார் 30, 40 டாலர். புதிதாகச் சேர்ந்தவனுக்கு மந்தையின் கடைசி இடம்தான், அத்தனை புழுதியையும் அவன்தான் தின்ன வேண்டும். கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள், பழைய படங்கள் அவர்களை மறைத்துவிட்டன. நிஜத்துக்குக் கிட்டே வருவது 'தி கல்பெப்பர் கேட்டில் கம்பெனி' (1972). கௌபாய் ஆகும் கனவோடு வருகிற பையனைச் சமையல்காரருக்கு எடுபிடியாகப் போடுவார்கள்.

சார், என் மகனுக்கு 9 வயது. ஜான் வெய்ன் நடித்த 'தி கௌபாய்ஸ்' பார்க்க வைக்கலாமா? பள்ளிப் பையன்கள் கதை என்றார்கள்.

முதல் பாதியை மட்டும் என்றால் தாராளமாக. வேலையாட்கள் எல்லாரும் தங்கம் தேடி ஓடிவிட, வயதான பண்ணைக்காரர் பள்ளிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு மாடு ஓட்டப் போகிறார். திக்குவாய்ப் பையன் ஒருவன், ஆற்றில் தத்தளிக்கும் நண்பனுக்காகக் குரல் கொடுக்க முடியாமல் தவிப்பான். வெய்ன் அவனைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்ட, அவன் ஆத்திரத்தில் திருப்பித் திட்டுவான், திக்காமல்! மருத்துவமாக இது அபத்தம்தான், ஆனால் காட்சி அப்படிப் பிடித்துக்கொள்ளும்.

பின்பாதிதான் சிக்கல். வில்லன் புரூஸ் டெர்ன் வெய்னைச் சுட்டுக் கொல்கிறான். பிள்ளைகள் திட்டம் போட்டு அந்தக் கும்பலையே தீர்த்துக்கட்டுகிறார்கள். கொன்ற பிறகு எவனுக்காவது தூக்கம் கெட்டதா, கை நடுங்கியதா? படம் கேட்கவே இல்லை. கொலை செய்தால் ஆண்பிள்ளை என்று முடித்துவிடுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. 13 வயதாகட்டும், கூட உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் பேசுங்கள்.

எல்லாம் பையன்கள்தானா? பெண் பிள்ளைக்கு இடமே இல்லையா?

'ட்ரூ கிரிட்' இருக்கிறதே. அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகும் 14 வயது மேட்டி. குதிரை வியாபாரியிடம் அவள் பேரம் பேசும் காட்சி ஒன்று போதும், அந்த ஆள் கடைசியில் காய்ச்சல் வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். 1969 படத்தில் நடித்த கிம் டார்பிக்கு அப்போது 21 வயது. 2010-இல் கோயன் சகோதரர்கள் எடுத்தபோது ஹெய்லி ஸ்டெய்ன்ஃபெல்டுக்கு 13, அது திரையில் தெரியும். இன்னொரு முக்கிய வித்தியாசம்: பழைய படத்தில் பாம்புக்கடியோடு தப்பிவிடுகிறாள், புதியதில் கையை இழக்கிறாள். பழிக்கு ஒரு விலை வேண்டாமா? என் ஓட்டு புதியதற்கு.

'ரெட் ரிவர்'?

1948. மாடு ஓட்டிப்போகும் வழியில் வளர்ப்பு அப்பா வெய்னும் வளர்ப்பு மகன் மாண்ட்கோமரி கிளிஃப்டும் மோதும் வரை பிரமாதம். ஒரு பெண் வந்து அதட்டியதும் இருவரும் சமாதானமாகிற முடிவு மட்டும் சப்பென்று இருக்கும்.

'அன்ஃபர்கிவன்' இந்த வகையில் சேருமா? அதில் பையனே இல்லையே.

'ஸ்கோஃபீல்ட் கிட்' என்று வருகிறவனை மறந்துவிட்டீர்கள். ஐந்து பேரைக் கொன்றதாகப் பீற்றிக்கொள்ளும், தூரப் பார்வை சரியில்லாத இளைஞன். கழிப்பறையில் உட்கார்ந்திருந்தவனைச் சுட்ட பிறகு மரத்தடியில் விஸ்கியும் அழுகையுமாக, இதுதான் முதல் கொலை என்று ஒப்புக்கொள்வான். துப்பாக்கியையும் கொடுத்துவிடுவான். 'தி கௌபாய்ஸ்' கேட்காமல் விட்ட கேள்வியை 1992-இல் இந்தப் படத்தை இயக்கிய கிளின்ட் ஈஸ்ட்வுட் கேட்டிருக்கிறார். ஒன்பது வயசுக்காரருக்கு இது இன்னும் ஆகாது, அந்த அப்பாவும் கவனிக்கவும்.